ஒரே தொலைபேசி, அறுபது விருந்தினர்

உங்கள் பள்ளியில் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே ஓர் அறிவிப்புப் பலகை இருக்கும். தேர்வு அட்டவணை, விளையாட்டுப் போட்டி, காணாமற்போன குடை என எல்லாச் செய்தியும் அதில் ஊசி குத்தித் தொங்கும். இடைவேளை மணி அடித்ததும் பத்துப் பேர் ஒரே சமயத்தில் அதன் முன் நின்று படிப்பீர்கள். பின்னால் நிற்பவன் முன்னால் நிற்பவனின் தோள் வழியாக எட்டிப் பார்ப்பான்.

இப்போது ஒரு விசித்திரமான பலகையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அது பூட்டிய அறைக்குள் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போகலாம். அவர் வெளியே வரும்வரை மற்றவர்களுக்குக் கதவு திறக்காது. வெளியே வரிசையும் கிடையாது. வந்து பார்த்து, கதவு மூடியிருந்தால் திரும்பிப் போகவேண்டியதுதான். இப்படிப்பட்ட பலகையை அறுபது பேருக்குப் பொதுவாக நடத்த முடியுமா?

முடிந்தது! இணையம் வீடுகளுக்கு வருவதற்கு முன், தொலைபேசியில் அழைத்துப் படிக்கும் கணிப்பொறி அறிவிப்புப் பலகைகள் ஆயிரக்கணக்கில் இயங்கின. அவற்றை நடத்தியவர்கள் பலரும் சாதாரண மனிதர்கள். கட்டணத்தைத் தங்கள் கைப்பணத்திலிருந்து கட்டியவர்கள். ஒரே கதவை அறுபது பேருக்கு எப்படிப் பங்கிட்டார்கள் என்பது சுவையான கணக்கு. அதைப் பார்ப்போமா?

பனிப்புயலில் பிறந்த பலகை

1978-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். அமெரிக்காவின் சிகாகோ நகரைப் பெரும் பனிப்புயல் தாக்கியது. தெருக்கள் மூடிக்கொண்டன. வீட்டிலேயே அடைபட்டுக் கிடந்தார் வார்ட் கிறிஸ்டென்சன். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணிபுரிந்த அவர், அந்நகரின் கணிப்பொறி ஆர்வலர் சங்கத்தில் உறுப்பினர். சங்கத்தில் ஒரு தக்கைப் பலகை உண்டு. உறுப்பினர்கள் துண்டுச் சீட்டுகளை அதில் குத்திவைப்பார்கள். அந்தப் பலகையைக் கணிப்பொறிக்குள் வைத்துவிட்டால் பனியில் நடக்க வேண்டாமே என்று அவருக்குத் தோன்றியது. நண்பர் ராண்டி சூஸ் கருவிகளை இணைத்துத் தந்தார்; கிறிஸ்டென்சன் ஆணைத்தொடரை எழுதினார். 1978 பிப்ரவரி 16 அன்று பலகை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

கருவி யாருடைய வீட்டில் இருப்பது? நகரத்துக்குள் இருந்த சூஸின் வீட்டில் என்று முடிவாயிற்று. காரணம் எளியது. அங்கே வைத்தால் நகரத்தவர் பலரும் வெளியூர்க் கட்டணம் இல்லாமல் அழைக்கலாம். முதல் பலகைக்கு இடம் தேடும்போதே செலவுக் கணக்கு குறுக்கிட்டதைக் கவனித்தீர்களா?

குரலாக மாறும் எழுத்து

தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்டது. கணிப்பொறிக்குத் தெரிந்ததோ 0, 1 என்ற இரண்டே குறிகள். இந்த இரண்டையும் இரு வேறு சுருதிகளாக மாற்றிக் கம்பியில் அனுப்புவதும், வரும் சுருதிகளை மீண்டும் 0, 1 ஆக்குவதும் மோடம் என்னும் கருவியின் வேலை. புல்லாங்குழல்காரர் இரண்டே சுவரங்களை மாற்றி மாற்றி வாசித்துக் கடிதம் எழுதுவதைப் போன்றது இது.

அக்கால மோடம் நொடிக்கு 300 குறிகள் அனுப்பும். ஓர் எழுத்துக்கு 8 குறிகள். அதன் தொடக்கத்தையும் முடிவையும் காட்ட இன்னும் 2. ஆக, ஓர் எழுத்துக்கு 10 குறிகள். அதாவது நொடிக்கு 30 எழுத்துகள். கணிப்பொறித் திரையில் வரிக்கு 80 எழுத்தாக 24 வரிகள். மொத்தம் 1,920 எழுத்துகள். இதை 30-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு திரை நிரம்ப 64 நொடிகள்! ஒரு நிமிடத்துக்கும் சற்று அதிகம். அதுவரை தொலைபேசி இணைப்பு ஒருவருக்கே சொந்தம். மற்றவர்கள் அழைத்தால் 'எங்கேஜ்டு' ஒலிதான் கேட்கும்.

போய்விட்டாரா, இருக்கிறாரா?

பலகையின் நடத்துநர் நீங்களே என்று வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு. நீங்கள் உறங்குகிறீர்கள். மணி அடிக்கிறது. மோடம் தானே எடுத்துப் பதில் சொல்கிறது. அழைத்தவர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டுகிறார், செய்திகளைப் படிக்கிறார். படித்து முடித்ததும் விடைபெறும் ஆணையைக் கொடுத்துவிட்டுப் போனால் தொல்லையில்லை. ஆனால் பாதியில் அவர் வீட்டில் மின்சாரம் நின்றுவிட்டால்?

கணிப்பொறிக்கு எதிர்முனை தெரியாது. அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று எண்ணி அது காத்திருக்கும். இதற்காகவே மோடத்துக்கும் கணிப்பொறிக்கும் இடையே 25 ஊசிகள் கொண்ட ஓர் இணைப்பான் உண்டு. அதில் 8-ஆம் ஊசி ஒரு காவல்காரன். எதிர் மோடத்தின் சுருதி கம்பியில் கேட்கும்வரை அது 'ஆம்' என்று சொல்லிக்கொண்டிருக்கும். சுருதி நின்றால் 'இல்லை' என்று மாறும். உடனே ஆணைத்தொடர் அந்த உறுப்பினரின் கணக்கை மூட வேண்டும்.

மூடாவிட்டால் என்ன ஆகும்? அடுத்து அழைப்பவர் நேராக முந்தையவரின் பெயரிலேயே உள்ளே நுழைந்துவிடுவார்! அவருடைய தனிக் கடிதங்களையும் படிக்கலாம். வீட்டுக்காரர் போய்விட்டார்; கதவு திறந்தே கிடக்கிறது. ஆகவே 8-ஆம் ஊசியைக் கவனிப்பது நடத்துநரின் முதற்கடமை.

இன்னொரு வகை விருந்தினர் உண்டு. இணைப்பைத் துண்டிக்கவும் மாட்டார். எதையும் தட்டவும் மாட்டார். சாப்பிடப் போயிருப்பார். இவருக்காக ஆணைத்தொடரில் ஒரு கடிகாரம் வைக்க வேண்டும். ஐந்து நிமிடம் எந்த எழுத்தும் வராவிட்டால் ஓர் எச்சரிக்கை. அதற்கும் பதில் இல்லையென்றால் துண்டிப்பு. துண்டிப்பதற்கு 20-ஆம் ஊசி பயன்படும். 'நான் தயார்' என்று கணிப்பொறி மோடத்துக்குச் சொல்லும் வழி அது. கணிப்பொறி அந்தக் குறியை நிறுத்தினால், அதற்கேற்ப அமைத்துவைத்த மோடம் தொலைபேசியைக் கீழே வைத்துவிடும்.

ஏமாற்றும் கணக்கு

இனி முக்கியமான கேள்வி. ஓர் இணைப்பு எத்தனை பேருக்குப் போதும்?

ஒரு நாளில் 1,440 நிமிடங்கள். ஒருவருக்கு 20 நிமிடம் என்றால் 1,440-ஐ 20-ஆல் வகுக்க, 72 பேர். நம் உறுப்பினர்களோ 60 பேர்தான். தாராளமாகப் போதும் என்று தோன்றுகிறதல்லவா?

ஆனால் விடியற்காலை 3 மணிக்கு யார் அழைப்பார்? பள்ளியும் அலுவலகமும் முடிந்து, மாலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள்தான் பெரும்பாலோர் வருவார்கள். அந்த நேரத்தில் மணிக்குச் சராசரியாக 3 பேர் அழைக்கிறார்கள்; ஒவ்வொருவரும் சராசரியாக 20 நிமிடம் இருக்க விரும்புகிறார்கள் என்று கொள்வோம். மூன்று இருபது அறுபது. சரியாக ஒரு மணி நேர வேலை. அப்போதும் ஓர் இணைப்பு போதும் போலத்தான் தெரிகிறது. இங்கேதான் கணக்கு ஏமாற்றுகிறது.

மூவரும் 7 மணிக்கு ஒருவர், 7.20-க்கு ஒருவர், 7.40-க்கு ஒருவர் என்று பேசிவைத்துக்கொண்டு வருவதில்லை. சில சமயம் இருவர் ஒன்றாக அழைப்பார்கள். சில சமயம் அரைமணி நேரம் யாருமே அழைக்க மாட்டார்கள். காலியாகப் போன நிமிடத்தைச் சேமித்துவைக்க முடியாது. நேற்று காலியாக ஓடிய பேருந்து இருக்கையில் இன்று உட்கார முடியுமா?

டென்மார்க்கிலிருந்து ஒரு விடை

இந்தச் சிக்கல் கணிப்பொறியைவிடப் பழையது. டென்மார்க் நாட்டுக் கணித அறிஞர் அக்னர் எர்லாங் 1908-இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் சேர்ந்தார். ஓர் ஊருக்கு எத்தனை இணைப்புகள் வேண்டும் என்பதே அவர் ஆராய்ந்த கேள்வி. 1917-இல் அதற்கான சூத்திரத்தை வெளியிட்டார். அவர் நினைவாக, ஒரு மணி நேரத்தில் வந்துசேரும் ஒரு மணி நேர வேலையை '1 எர்லாங்' என்கிறோம். நம் பலகைக்கு மாலை வேலைப்பளு 1 எர்லாங்.

எர்லாங் சூத்திரத்தின்படி, 1 எர்லாங் பளுவுக்கு ஓர் இணைப்பு மட்டும் இருந்தால், அழைப்பவர் இருவரில் ஒருவருக்கு எங்கேஜ்டு ஒலி கிடைக்கும். அதைவிட வியப்பு, அந்த இணைப்பு பாதி நேரம் சும்மாவே இருக்கும்! பாதிப் பேர் ஏமாந்து திரும்புகிறார்கள். பாதி நேரம் கதவருகே யாரும் இல்லை. இரண்டும் ஒரே பலகையில் நிகழ்கின்றன.

இணைப்புகளை அதிகரித்தால்?

1 இணைப்பு: 2 பேரில் ஒருவர் திரும்புவார்.
2 இணைப்புகள்: 5 பேரில் ஒருவர்.
3 இணைப்புகள்: 16 பேரில் ஒருவர்.
4 இணைப்புகள்: 65 பேரில் ஒருவர்.

2, 5, 16, 65. இந்த எண்களில் ஓர் ஒழுங்கு தெரிகிறதா? முந்தைய எண்ணை இணைப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கி 1 கூட்டுங்கள். 2 × 2 + 1 = 5. 3 × 5 + 1 = 16. 4 × 16 + 1 = 65. பளு சரியாக 1 எர்லாங்காக இருந்தால் மட்டும் இந்தக் குறுக்குவழி பொருந்தும். எங்கேஜ்டு கேட்டவர் விட்டுவிடுவார் என்பதும் இந்தச் சூத்திரத்தின் எடுகோள். உண்மையில் அவர் உடனே திரும்பத் திரும்ப அழைப்பார். ஆகவே நிலைமை இதைவிடச் சற்று மோசமாகவே இருக்கும்.

பணப்பையைத் திறப்போம்

புதிய இணைப்பு இலவசமாக வராது. கணக்குக்காக, ஓர் இணைப்புக்கு மாதம் 20 டாலர் வாடகை என்று வைத்துக்கொள்வோம். மோடத்தின் விலை 240 டாலர். அது 24 மாதம் உழைத்தால் மாதத்துக்கு 10 டாலர். ஆக ஓர் இணைப்புக்கு மாதம் 30 டாலர்.

இரண்டாவது இணைப்புக்குத் தரும் 30 டாலர், 100 பேரில் ஏமாறுவோரை 50-லிருந்து 20 ஆகக் குறைக்கிறது. முப்பது பேருக்குப் பயன். மூன்றாவது 30 டாலர் 20-ஐச் சுமார் 6 ஆக்குகிறது. பதினான்கு பேருக்குப் பயன். நான்காவது 30 டாலராலோ ஐந்து பேருக்குக்கூடப் பயன் இல்லை. செலவு ஒரே அளவு. பலன் மட்டும் தேய்கிறது. எந்தப் படியில் நிற்பது என்பதை நடத்துநர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மின்சாரத்தையும் மறக்கக்கூடாது. 100 வாட் கணிப்பொறி 24 மணி நேரமும் ஓடினால் நாளுக்கு 2.4 யூனிட், 30 நாட்களுக்கு 72 யூனிட். பார்க்க ஆளில்லாத நேரத்தில் திரையை அணைத்துவைத்தால் அதன் பங்கு மிச்சம்.

இணைப்புகள் கூடினால் கணிப்பொறியும் கூட வேண்டுமா? அக்கால எம்.எஸ்.-டாஸ் இயக்கமுறை ஒரு நேரத்தில் ஒரு வேலையையே செய்யும். ஆகவே சிலர் இணைப்புக்கு ஒன்றாகக் கணிப்பொறிகளை வாங்கினார்கள். ஆனால் சற்றே சிந்தியுங்கள். முதல் ஐ.பி.எம். தனிக்கணிப்பொறியின் கடிகாரம் நொடிக்கு 47 இலட்சத்து 70 ஆயிரம் முறை துடித்தது. 2,400 வேக மோடத்திலிருந்து நொடிக்கு வருவது 240 எழுத்துகள்தான். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே கிட்டத்தட்ட 20,000 துடிப்புகள்! இந்த இடைவெளியில் பந்தி பரிமாறுபவரைப் போல ஒவ்வோர் இலையாகப் போய்வந்தால், ஒரே கணிப்பொறி பலரைக் கவனிக்கலாம். அப்படிப்பட்ட ஆணைத்தொடர்களும் எழுதப்பட்டன.

செலவில்லாத மூன்று வழிகள்

கையில் பணமில்லாத நடத்துநர் என்ன செய்தார்?

முதல் வழி, நேர வரம்பு. 20 நிமிடத்தைப் பத்தாகக் குறைத்தால் பளு அரை எர்லாங். அப்போது அதே ஓர் இணைப்பில் திரும்புபவர் மூவரில் ஒருவர்தான். ஆனால் 300 வேக மோடத்தில் பத்து நிமிடத்துக்கு ஒன்பது திரைதான் படிக்க முடியும். வரம்பை இறுக்கினால் வந்தவருக்கு அரைவயிறு. தளர்த்தினால் வராதவருக்குப் பட்டினி.

இரண்டாவது வழி, வேகம். 1,200 வேக மோடத்தில் திரை நிரம்ப 16 நொடி. 2,400 வேகத்தில் 8 நொடி. கோப்புகளை எடுத்துச் செல்பவர்களிடம் இதன் பலன் நன்றாகத் தெரியும். ஒரு இலட்சம் எழுத்துள்ள கோப்பு 300 வேகத்தில் ஏறத்தாழ 56 நிமிடம் பிடிக்கும். 2,400 வேகத்தில் 7 நிமிடம். இணைப்பு ஒன்றுதான், அது முன்பைவிடச் சீக்கிரம் காலியாகிறது. மோடம் வாங்கும் செலவு பெரும்பாலும் உறுப்பினரின் தலையில் விழுந்தது என்பதையும் சொல்லவேண்டும். படிக்கும் கண்ணும் தட்டும் விரலும் மட்டும் பழைய வேகத்திலேயே இருந்தன.

மூன்றாவது வழி, பிழையைச் சிறிதாக்குவது. கம்பியில் இரைச்சல் புகுந்தால் எழுத்துகள் கெடும். முழுக் கோப்பையும் மறுபடி அனுப்பினால் எவ்வளவு நேரம் வீண்! கிறிஸ்டென்சன் 1977-லேயே இதற்கு ஒரு முறை வகுத்திருந்தார். கோப்பை 128 எழுத்துகள் கொண்ட கட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டின் இறுதியிலும் ஒரு கூட்டுத்தொகையைச் சேர்த்து அனுப்புவது. பெறுபவர் கூட்டிப் பார்ப்பார். தொகை ஒத்துவராவிட்டால் அந்தக் கட்டை மட்டும் திரும்பக் கேட்பார். எக்ஸ்மோடம் என்று பெயர் பெற்ற இம்முறை உலகெங்கும் பரவியது.

நள்ளிரவு அஞ்சல்

உள்ளூர்ச் செய்தி சரி. வெளியூருக்குக் கடிதம் அனுப்ப என்ன வழி? வெளியூர் அழைப்புக்கு நிமிடக் கணக்கில் கட்டணம். இரவில் மட்டும் அது குறையும். நம் ஊரில் எஸ்.டி.டி. கூண்டுகள் இருந்த காலத்தில் இரவுச் சலுகைக்காக மக்கள் காத்து நின்றதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

1984-இல் சான் பிரான்சிஸ்கோ நகரத்து டாம் ஜென்னிங்ஸ் இந்தச் சலுகையைப் பயன்படுத்திக்கொண்டார். அவருடைய பலகையும், நாட்டின் மறுகோடியில் பால்டிமோர் நகரில் ஜான் மேடில் நடத்திய பலகையும் இரவில் ஒன்றையொன்று தாமே அழைத்துக் கடிதங்களை மாற்றிக்கொண்டன. அந்த ஒரு மணி நேரம் விருந்தினருக்கு அனுமதி இல்லை. இதுவே ஃபைடோநெட் வலையமைப்பின் தொடக்கம்.

இதன் சிக்கனத்தைக் கணக்கிடுவோம். 1,000 எழுத்துள்ள 50 கடிதங்கள். 1,200 வேகத்தில் ஒரு கடிதத்துக்குச் சுமார் 8 நொடி. தனித்தனியாக அழைத்தால், எவ்வளவு சுருக்கமாக முடித்தாலும் அழைப்புக்கு ஒரு நிமிடக் கட்டணம் என்று கொண்டால், 50 நிமிடக் கட்டணம். மூட்டையாகக் கட்டி ஒரே அழைப்பில் அனுப்பினால் 7 நிமிடம். எழுத்துகளைச் சுருக்கிப் பாதியாக்கினால் 4 நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

1985-இல் இன்னொரு படி ஏறினார்கள். ஓர் ஊரில் பத்துப் பலகைகள் இருந்தால் பத்துக்கும் தனித்தனியே வெளியூர் அழைப்பு எதற்கு? ஒரு பலகை ஊருக்கெல்லாம் மூட்டையைப் பெற்றுக்கொள்ளும். பிறகு உள்ளூர் அழைப்பில் மற்றவற்றுக்குப் பிரித்துத் தரும். நம் அஞ்சலகம் செய்வதும் இதுதானே!

யாருக்கு முதலிடம்?

சில பலகைகள் சந்தா வாங்கிப் பெரிதாயின. 1983-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பாப் மஹோனி தொடங்கிய எக்ஸெக்-பி.சி. என்ற பலகை, 1990-களில் 200-க்கும் மேற்பட்ட இணைப்புகளுடன் இயங்கியது. சிறிய பலகைகளோ இறுதிவரை இலவசமாகவே இருந்தன.

நம் 60 உறுப்பினர் பலகைக்கு மூன்று இணைப்புகள் என்றால் 90 டாலர். மின்சாரத்துக்கும் பிறவற்றுக்கும் 10 டாலர் சேர்த்தால் 100. தலைக்கு ஏறத்தாழ 1 டாலர் 67 காசு. சிறு தொகைதான். ஆனால் அதைத் தர முடியாத ஒரு மாணவன் இருந்தால்? அவனை நீக்கிவிடுவதா? சந்தா தருபவருக்கு ஒரு மணி நேரம், மற்றவருக்குக் கால் மணி நேரம் என்று பிரிப்பதா? எல்லாருக்கும் ஒரே வரம்பு வைத்து, குறையும் பணத்தை நீங்களே போடுவதா? எர்லாங் சூத்திரம் எத்தனை பேர் திரும்புவார்கள் என்று சொல்லும். யாரைத் திருப்பி அனுப்புவது என்று சொல்லாது. ஒவ்வொரு நடத்துநரும் இதற்குத் தாமே விடை தேடவேண்டியிருந்தது.

1990-களின் நடுவில் இணையம் பரவியதும் இந்தப் பலகைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ராண்டி சூஸ் 2019-லும் வார்ட் கிறிஸ்டென்சன் 2024-லும் மறைந்தார்கள். இணையத்தில் செய்திகள் சிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்வதால், ஒரே கம்பியில் பல்லாயிரம் பேர் கலந்து பயணம் செய்யலாம். என்றாலும் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் இணையதளம் திணறுவதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் வந்தால் எந்தக் கதவும் சிறியதே. வங்கித் தளத்தில் சற்று நேரம் சும்மா இருந்தால் கணக்கு தானே மூடிக்கொள்கிறதே, சாப்பிடப் போன விருந்தினருக்காக வைத்த அந்தக் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் பள்ளி நூலகத்தில் உள்ள கணிப்பொறியை, அல்லது விடுதியில் உள்ள தொலைபேசியை, ஒரு மாலை ஒரு மணி நேரம் கவனியுங்கள். எத்தனை பேர் வந்தார்கள், ஒவ்வொருவரும் எத்தனை நிமிடம் இருந்தார்கள், எத்தனை பேர் ஆள் இருப்பதைக் கண்டு திரும்பிப் போனார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அது எத்தனை நிமிடம் காலியாக இருந்தது என்பதையும் எழுதுங்கள். கிடைக்கும் எண்களை நண்பர்களுடன் பேசி, நேர வரம்பு வேண்டுமா, இன்னொன்று வாங்கவேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். அதற்கு முன் ஒரு சிறு கணக்கு: 1 எர்லாங் பளுவுக்கு 5 இணைப்புகள் இருந்தால், எத்தனை பேரில் ஒருவர் திரும்ப நேரும்?